ஸ்பைடர்மேன் வைத்த வாடகை பாக்கி

2004-ல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். மூன்றாவது மாடி, மூன்று கட்டில், ஒரே ஜன்னல். ஐந்தாம் தேதிக்குள் வாடகை கட்டிவிட வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளம் பத்தாம் தேதிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு நாள், மாடிப்படி பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மேனேஜர் கண்ணில் படாமல் அறைக்குப் போய்ச் சேருவதே பெரிய சாகசம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அவர் டீ குடிக்க எழுந்து போகும் நேரம் எனக்கு மனப்பாடம்.

அந்த வருஷம்தான் ‘ஸ்பைடர்மேன் 2’ தமிழ் பேசிக்கொண்டு வந்தது. மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில், அறைத்தோழன் காசில் பார்த்தேன். ஸ்பைடர்மேனாக வேஷம் போடும் பீட்டர் பார்க்கர் தன் அறைக்குப் பூனைபோல் நுழைகிறான். கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். வாடகை எங்கே? இந்த வாரம் சம்பளம் வந்துவிடும் என்கிறான் பீட்டர். ஏற்கெனவே ஒரு மாத பாக்கி என்கிறார் அவர். பக்கத்துச் சீட்டிலிருந்து அறைத்தோழன் என் விலாவில் ஒரு இடி இடித்தான். “டேய், நீதான்டா.”

அதற்குப் பிறகு எத்தனையோ சூப்பர் ஹீரோ படம் பார்த்தாகிவிட்டது. வர்க்கம், அரசியல் என்று அவற்றைப் பற்றி எழுதப்பட்டதையும் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் வில்லன் பேசும் வசனத்தை வைத்துத்தான் வாதம் நடக்கும். எனக்கென்னவோ வசனத்தைவிட வாடகைதான் நம்பகமான அளவுகோல். இந்தப் படத்தில் யாராவது யாருக்காவது பணம் பாக்கி வைத்திருக்கிறாரா, உடைந்த சுவரை யார் பூசுகிறார்கள், அதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மீதிக் கதை தானாகத் தெரிந்துவிடும்.

இயக்குநர் சாம் ரெய்மியின் அந்தப் படத்தில் முதல் இருபது நிமிடத்தை இப்போது பார்த்தாலும் கடன்காரன் ஒருவனின் ஒரு நாளைப் பார்ப்பதுபோல்தான் இருக்கிறது. 29 நிமிடத்துக்குள் பீட்சா போய்ச் சேர வேண்டும். வழியில் லாரிக்கு முன்னால் ஓடிவந்த இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். தாமதம். வேலை போச்சு. பத்திரிகை ஆபீஸுக்குப் போட்டோ விற்கிறான். முன்பு வாங்கிய அட்வான்ஸுக்கே அது போதவில்லை. கல்லூரிக்கு ஓடுகிறான், மூளை இருக்கிறது, சோம்பேறி என்கிறார் பேராசிரியர். தன்னை வளர்த்த மே ஆன்ட்டி வீட்டுக்குப் போனால் அங்கே வங்கிக்காரன் வீட்டைப் பிடுங்கும் நிலைமை. (அவருடைய கணவர் பென், பீட்டரின் அப்பாவோடு பிறந்தவர் என்பதால் நம் முறைப்படி அந்த அம்மாள் பீட்டருக்குப் பெரியம்மா. ஆனால் ஆன்ட்டி என்றே பழகிவிட்டது.) பிறந்தநாள் என்று சொல்லி 20 டாலரை அவன் கையில் திணிக்கிறார். உங்களுக்குத் தேவைப்படும், வேண்டாம் என்கிறான். அவர் கோபப்பட்டு, உடனே அழுதும்விடுகிறார். இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் பணம் கொடுக்கும்போது வரும் அந்தக் கோபம் இருக்கிறதே, அதை எழுதியவர் எங்கேயோ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த அந்த 20 டாலரையும் கடைசியில் வீட்டுக்காரர்தான் வாங்கிக்கொள்கிறார்.

அப்புறம் வங்கிக் காட்சி. வீட்டுக் கடனை மாற்றி அமைக்க முடியுமா என்று கேட்கப் போகிறார்கள். பியானோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன் என்கிறார் மே ஆன்ட்டி. அழகாகச் சிரித்துக்கொண்டே இல்லை என்கிறான் அந்த ஆள். கணக்குத் தொடங்கினால் தருவதாகச் சொன்ன டோஸ்டராவது கிடைக்குமா என்றால், அது 300 டாலர் போடுபவர்களுக்கு மட்டும்தானாம். இந்த அவமானம் நடந்து முடிந்த பிறகுதான் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் அதே வங்கியைக் கொள்ளையடிக்கக் கதவை உடைக்கிறார். தியேட்டரில் அப்போது விழுந்த கைத்தட்டல் யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

பீட்டருக்குத் தட்டுப்பாடு பணத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும்தான். சிலந்தி வேலை என்பது அவனுக்குச் சம்பளமில்லாத இரண்டாவது ஷிஃப்ட். அதனால் முதல் ஷிஃப்ட் போகிறது, படிப்பு போகிறது, காதலியின் நாடகத்துக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அவன் போடும் சட்டையைத் துவைக்கவும் ஆள் இல்லை. பொது லாண்டரியில் மற்ற துணியோடு போட்டுச் சாயம் ஏற்றிவைக்கிறான். லிஃப்டில் அந்த உடை உடம்பை உறுத்துகிறது என்று புலம்புகிறான்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த காட்சியில் சண்டையே கிடையாது. எல்லாம் கைவிட்டுப்போன ஒரு நேரத்தில் வீட்டுக்காரரின் மகள், ஒல்லியான பெண், கதவைத் தட்டி வந்து சாக்லேட் கேக் சாப்பிடுகிறாயா என்கிறாள். சரி என்கிறான். ஒரு டம்ளர் பால்? அதற்கும் சரி. அவ்வளவுதான். வாடகை வசூலிக்கிற வீட்டிலிருந்தே ஒரு தட்டு கேக் வருகிறது. அந்த வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. அவருக்கும் மாதம் பிறக்கிறது. எங்கள் மேன்ஷன் மேனேஜர் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் சாதம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாளே வாடகையும் கேட்டார்.

அந்த வீட்டுக்காரரின் பெயர் டிட்கோவிச். ஸ்பைடர்மேனை 1962-ல் ஸ்டான் லீயோடு சேர்ந்து உருவாக்கிய ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறார். வாடகைப் பிரச்சினையும் அவர்கள் காலத்தில் தொடங்கியதுதான். 1963-ல் ஸ்பைடர்மேனுக்கென்று தனி இதழ் வந்தபோது, முதல் கதையிலேயே வீட்டில் காசு இல்லை. மேடையேறி வித்தை காட்டுகிறான். கூலியாக ஸ்பைடர்மேன் பெயருக்கு ஒரு காசோலை கொடுக்கிறார்கள். வங்கிக்குப் போனால், நீதான் ஸ்பைடர்மேன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறான் கவுன்ட்டரில் இருப்பவன். முகமூடி போட்டவன் எந்த அடையாள அட்டையைக் காட்டுவான்? அதே இதழில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற இன்னொரு சூப்பர் ஹீரோ கோஷ்டியிடம் போய், நல்ல சம்பளம் கொடுத்தால் சேர்ந்துகொள்கிறேன் என்கிறான். நாங்கள் லாபநோக்கில்லாமல் சேவை செய்கிறவர்கள், சம்பளமெல்லாம் கிடையாது என்கிறார்கள் அவர்கள், தங்கள் வானளாவிய கட்டடத்துக்குள் நின்றுகொண்டு. இதைவிடப் பச்சையாக வர்க்கத்தைப் பற்றி எந்தச் சூப்பர் ஹீரோ கதை பேசியது என்று தெரியவில்லை.

காசோலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1938-ல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர், தாங்கள் உருவாக்கிய ஒரு பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு ஒரு காமிக்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பாத்திரம் சூப்பர்மேன். மற்ற வேலைக்கான கூலியோடு சேர்த்து 412 டாலருக்கு வந்தது காசோலை. அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் ஓயாத காலம் அது; யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான இவர்களுக்கு 130 டாலர் பெரிய பணமாகத்தான் தெரிந்திருக்கும். அந்தத் தொடக்ககால சூப்பர்மேன் வேற்றுக்கிரக ராட்சசர்களோடு மோதவில்லை. முதல் இதழில் மனைவியை அடிக்கிறவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி சிக்கியதைக் கேள்விப்பட்டு, முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் இறக்கி வழியை அடைத்துவிடுகிறான். கோட்டு சூட்டோடு அவர்களே மண்ணைத் தோண்டுகிறார்கள். இன்னொரு கதையில், இடித்தால் அரசாங்கம் புதிதாகக் கட்டித்தானே ஆக வேண்டும் என்று ஏழைகளின் இற்றுப்போன குடியிருப்பையே தரைமட்டமாக்குகிறான். கூவம் கரைக் குடிசைகளிலிருந்து சென்னைக்கு வெளிப்புறம் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் எங்கே ஓட்டை என்று உடனே காட்டிவிடுவார்கள்.

உருவாக்கிய இருவரும் பிறகு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 1978-ல் சூப்பர்மேன் பெரிய படமாக வருவதற்கு முன்னால், பத்திரிகைகளில் விஷயம் நாறிய பிறகு, 1975 கடைசியில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகைக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த 412 டாலர் காசோலை மட்டும் 2012-ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. பாத்திரத்தைவிட ரசீதுக்கு விலை அதிகம்.

சரி, இனி என் மாமா கதை.

என் தாய்மாமாவுக்குத் திருச்சி அரியமங்கலம் பக்கம் பழைய இரும்புக் கடை. காயலான் கடை என்றால்தான் ஊரில் தெரியும். சில வருஷம் முன்பு மூடிப்போன ஆலை ஒன்றைப் பிரித்து எடுக்கும் வேலை அவருக்கு வந்தது. தகரம், கர்டர், பழைய மெஷின் எல்லாம் டன் கணக்கில் தேறும். வாழ்க்கையில் ஒருமுறை வரும் வேலை என்று, ஃபைனான்ஸில் ஒரு பழைய லாரி எடுத்தார். கேஸ் கட்டர் செட் இரண்டு வாங்கினார். வெளியூரிலிருந்து கட்டிங் ஆட்களைக் கூட்டிவந்து தங்க இடமும் பிடித்துக் கொடுத்தார். பத்து நாள் வேலை நடந்தது. பதினோராம் நாள் காலையில் கேட்டில் புது செக்யூரிட்டி. மொத்த இடத்தையும் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். “என்னோட பேசினீங்களே சார்” என்றால், “எழுத்துல ஏதாவது இருக்கா?” என்றாராம் சட்டை மடிப்புக் கலையாத ஒருவர். இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் எடைக்கணக்குதான் இருந்தது. லாரிக்கு டியூ மட்டும் மூன்று வருஷம் எழுத்தில் இருந்தது.

2017-ல் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ வந்தபோது மாமா சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். சாயங்காலம் சும்மா இருப்பானேன் என்று கூட்டிப்போனேன். அந்தப் படம் எப்படித் தொடங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கூட்டணி போட்ட சண்டையில் நியூயார்க் இடிந்து கிடக்கிறது. அட்ரியன் டூம்ஸ் என்ற ஆள் நகரத்திடம் ஒப்பந்தம் எடுத்து, தன் ஆட்களோடு இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருக்கிறான். கோட்டு போட்டவர்கள் வந்து, இனி இது எங்கள் துறை, கிளம்பு என்கிறார்கள். இந்த வேலையை நம்பி லாரி வாங்கியிருக்கிறேன், புது ஆட்களைச் சேர்த்திருக்கிறேன், குடும்பம் இருக்கிறது என்று கெஞ்சுகிறான். அகலக்கால் வைத்தது உன் தப்பு என்கிற மாதிரி ஒருவன் கிண்டல் செய்ய, மூக்கில் ஒரு குத்து. பிறகு செய்தியில் பார்க்கிறார்கள்: அந்த டேமேஜ் கன்ட்ரோல் துறையே அரசாங்கமும், அவெஞ்சர்ஸில் ஒருவரான கோடீஸ்வரர் டோனி ஸ்டார்க்கும் சேர்ந்து தொடங்கியதுதான். நகரத்தை உடைத்தவர்களே அதை அள்ளுவதற்கும் காசு வாங்குகிறார்கள் என்று ஓர் ஆள் முணுமுணுக்கிறான்.

மாமா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். “மாப்ள, இவன்தானே ஹீரோ?”

“இல்ல மாமா. இவன் வில்லன்.”

“அப்படியா” என்று சாய்ந்து உட்கார்ந்தார். இடைவேளைக்குள் தூங்கியும்விட்டார்.

அவர் தூங்கியதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். டூம்ஸ் பிற்பாடு பீட்டரிடம் ஒரு பிரசங்கம் செய்வான்: அவர்களுக்காகச் சாலை போடுவது நாம், சண்டைக்குப் போவது நாம், கடைசியில் அவர்கள் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்பதும் நாம். வர்க்க அரசியல் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அவன் பேசிக்கொண்டிருப்பதே தன் இறக்கை எந்திரம் கிளம்பும்வரை பையனை நிறுத்திவைப்பதற்காக. பேச்சு முடிந்ததும் பதினைந்து வயதுப் பையன் தலையில் கூரையைத் தள்ளிவிடுகிறான். அதற்கு முன்பே தன்னிடம் வேலை பார்த்த ஒருவனைச் சாம்பலாக்கியிருக்கிறான், எடுத்தது வேறு துப்பாக்கி என்று நினைத்து. நியாயமான கேள்வியை ஒருவன் வாயில் வைத்து, அப்புறம் அவன் கையில் ரத்தத்தைத் தடவிவிட்டால், கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கதைக்கு இல்லாமல் போகிறது. ஒப்பந்தத்தைப் பிடுங்கியது சரியா என்பதைப் படம் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. டோனி ஸ்டார்க்கும் டூம்ஸும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. (டூம்ஸாக நடித்த மைக்கேல் கீட்டன் 1989-ல் பேட்மேன். கோடீஸ்வரனாக இருந்தவர் காயலான் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.)

எனக்கு டூம்ஸைவிட அந்தப் படத்தின் பீட்டர்தான் உறுத்தல். 2004 பீட்டர் கூலிக்காரன். 2017 பீட்டர் கோடீஸ்வரரின் இன்டர்ன். அவன் சட்டையை ஸ்டார்க் செய்து கொடுக்கிறார். சட்டைக்குள் பேசுவதற்குப் பெண்குரல்கூட இருக்கிறது. பையனின் கவலையெல்லாம் ஐயா எப்போது கூப்பிடுவார் என்பதே. அவனும் மே ஆன்ட்டியும் குவீன்ஸில் ஒரு சாதாரண ஃபிளாட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் வாடகை என்ற சொல் படத்தில் என் காதில் விழவில்லை. டாம் ஹாலண்ட் நன்றாகவே நடித்திருக்கிறார், அவர்மேல் குறையில்லை. பதின்மூன்று வருஷத்தில் ஏழைப் பையனின் கனவு எப்படி மாறிப்போனது என்று பார்த்தால்தான் வருத்தம். கடனை அடைத்துவிட்டு ஒரு நாள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பது பழைய கனவு. நல்ல கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும் என்பது புதியது. எங்கள் மேன்ஷன் பையன்களுக்கும் அந்தப் பதின்மூன்று வருஷத்தில் இதேதான் நடந்தது, ஆளாளுக்கு ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் போய்விட்டார்கள்.

பேட்மேன் பக்கம் நான் அதிகம் போவதில்லை, அவர் வீடே தனி எஸ்டேட். ஆனால் 2012-ல் வந்த ‘தி டார்க் நைட் ரைசஸ்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதன் படப்பிடிப்பு 2011 மே மாதம் ஜோத்பூரில் தொடங்கியது. செப்டம்பரில் நியூயார்க்கில் பணக்காரர்களின் ஆதிக்கத்துக்கு எதிராக வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் வெடித்தது. படம் வந்தபோது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பேன் என்ற வில்லன் பங்குச் சந்தைக்குள் புகுந்து அடிக்கிறான். நகரத்தைப் பணக்காரர்களிடமிருந்து பிடுங்கி மக்களுக்கே கொடுக்கிறேன் என்கிறான். எல்லாம் நாடகம், அணுகுண்டு எப்படியும் வெடிக்கத்தான் போகிறது, அவனை ஆட்டுவிப்பதும் ஒரு பணக்காரப் பெண்மணி என்று கடைசியில் தெரிகிறது. எனக்கு வியப்பாக இருப்பது வேறு. மக்கள் கையில் இருப்பதாகச் சொல்லப்படும் அந்த நகரத்தில், மாதக்கணக்கில், ஒரு பால்காரரோ டீச்சரோ பஸ் டிரைவரோ என்ன நினைக்கிறார் என்று ஒரு காட்சி இல்லை. தெருவில் மோதிக்கொள்வது ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் பேனின் ஆட்கள். மக்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரே ஒரு வரி உண்மையாக விழும். பேட்மேனான புரூஸ் வேய்ன் திவாலாகிறான், வீடு மட்டும் அவனிடமே இருக்கும் என்கிறான். பணக்காரர்கள் நொடித்துப்போவதுகூட எங்களை மாதிரி இல்லை என்று சிரிக்கிறாள் செலினா என்ற திருடி. மாமா நொடித்தபோது முதலில் போனது அத்தையின் வளையல். அப்புறம் கடைக்குப் பின்னால் இருந்த காலிமனை.

ஸ்பைடர்மேனின் அடுத்த படமான ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ 2019-ல் வந்தது. அதில் வில்லன் கோஷ்டி முழுக்க ஸ்டார்க்கிடம் முன்பு வேலை பார்த்தவர்கள். ஒருவன் கண்டுபிடித்ததற்கு ஸ்டார்க் கேலியாக ஒரு பெயர் வைத்து மேடையில் காட்டிவிட்டு, அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். இன்னொருவர் 2008-ல் வந்த ‘அயர்ன்மேன்’ படத்தில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய அதே எஞ்சினியர். பதினொரு வருஷம் கழித்து அதே நடிகரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் படத்தில் வேலை பறிக்கப்பட்ட கான்ட்ராக்டர், இரண்டாவதில் வெளியே அனுப்பப்பட்ட ஊழியர்கள். ஒரே முதலாளியின் பழைய சம்பளப் பட்டியலிலிருந்து வில்லன்கள் வரிசையாக வருகிறார்கள் என்றால் ஹெச்.ஆர்.காரர்களாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். திரைக்கு வெளியே, இந்த நகரங்களையெல்லாம் கணினியில் கட்டி, உடைத்து, மறுபடி கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் இந்தப் படங்களை உருவாக்கும் மார்வெல் நிறுவனத்திலேயே நேரடியாக வேலை பார்த்த ஐம்பது பேர் அளவிலான ஒரு குழு 2023 செப்டம்பரில் சங்கம் அமைக்க ஏகமனதாக வாக்களித்தது. அவர்களை வில்லனாக்கி இதுவரை படம் வரவில்லை.

2021 டிசம்பரில் ‘நோ வே ஹோம்’ வந்தது. நான் அப்போது திருச்சியில் இருந்தேன். மாமா பேரன் அடம்பிடித்ததால் மூன்று பேரும் தமிழ் ஷோவுக்குப் போனோம். முந்தைய படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்தவர்களும் வந்து நின்றதற்குத் தியேட்டர் அதிர்ந்தது. மாமாவுக்கு யார் யாரென்றே தெரியவில்லை, பேரனைக் கேட்டுக்கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உலகமே பீட்டரை மறந்துவிடுகிறது. நண்பன் இல்லை, காதலி இல்லை, மே ஆன்ட்டி செத்துப்போயாச்சு, ஸ்டார்க்கும் இல்லை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன அறைக்குக் குடிவருகிறான். சட்டையை அவனே தைத்துக்கொள்ள ஒரு தையல் மெஷின். அறையைக் காட்டிய வீட்டுக்காரர் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறார்: ஒன்றாம் தேதி வாடகை, தாமதம் கூடாது.

நான்கு வருஷம், மூன்று படம். இந்தப் பையன் கதையில் அந்தச் சொல் கடைசியாக வந்துவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்தது, இத்தனைக்கும் இப்போது நான் வாடகை கட்டுவதில்லை, வங்கிக்குத்தான் கட்டுகிறேன். பக்கத்தில் மாமா முழுசாக விழித்திருந்தார். இருட்டில் என் காதருகே குனிந்தார்.

“அட்வான்ஸ் எவ்வளவு கேட்டானாம் மாப்ள?”